தறிக்குழியும் தரையும்

சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே எழுதிவிட்டார்கள். கோபுரம் எத்தனை நிலை, மதில் எத்தனை முழம், அதன் மேல் யார் கொடி பறந்தது என்பதுதான் அவர்கள் கணக்கு. திண்டுக்கல்லுக்கு வருகிறவர்களின் கண்ணும் நேரே மலைக்கோட்டையின் மீதுதான் போய் நிற்கிறது. மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து அமர்ந்த கோட்டை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியாருக்குப் போய்ச் சேர்ந்த கோட்டை. எல்லாம் சரிதான். ஆனால் அந்த மலைக்குக் கீழே குடியிருக்கும் ஜனங்கள் தினமும் மிதித்து நடக்கிற தரைக்கு ஒரு சரித்திரம் இருக்காதா?

இருக்கிறது. நாகல் நகரின் சில வீதிகளில் அது கோட்டையின் சரித்திரத்தைவிடச் சுவாரசியமாகவே இருக்கிறது. ஒரு வீட்டில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவது இன்று சர்வ சாதாரணமான காரியம். இந்த ஊரில் மட்டும் அந்தச் சாதாரணக் காரியத்துக்குள் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் கதை ஒன்று அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாகல் நகரில் பல ஜாதி ஜனங்களும் வாழ்கிறார்கள். எனினும் அந்தப் பேட்டைக்கு ஒரு தனி முகத்தைக் கொடுத்தவர்கள் சௌராஷ்டிர நெசவாளர்கள். தெருவில் நின்றால் தமிழ் கேட்கும். வாசற்படி தாண்டினால் வேறொரு பாஷை கேட்கும். குஜராத்தியின் உறவு, மராத்தியின் சாயல், தெலுங்கும் கன்னடமும் வழியில் கொடுத்த சொற்கள், தமிழ் கொடுத்த ராகம் எல்லாம் அதில் கலந்திருக்கும். அவர்கள் வந்த பாதையை வேறு எந்தப் பட்டயத்தையும்விட அந்தப் பாஷையே தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அவர்களுடைய பரம்பரைக் கதை இது. மேற்குக் கடற்கரையில் சோமநாதபுரம் இருக்கும் சௌராஷ்டிரமே பூர்வீகம். 1026-ல் கஜினி முகம்மது சோமநாதரின் ஆலயத்தைக் கொள்ளையிட்ட பிறகு அங்கிருந்து புறப்பட்டார்கள். தேவகிரியில் தங்கினார்கள். தேவகிரி விழுந்தது, விஜயநகரம் போனார்கள். விஜயநகரத்தின் கை தளர்ந்தபோது நாயக்கர்களை நாடி மதுரைக்கு வந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் அவர்கள் தறிச் சத்தம் கேட்டது. பின்பு மதுரையிலிருந்து திண்டுக்கல், பரமக்குடி, சேலம் என்று பல ஊர்களுக்குப் பரவினார்கள். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த புத்தகங்களில் இவர்களுக்குப் பட்டுநூல்காரர் என்று பெயர். இந்தக் கதையில் பரம்பரை நினைவு எவ்வளவு, ருசுவான சரித்திரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது பண்டிதர்கள் வேலை. நமக்கு ஒன்று போதும்: எங்கே போனாலும் இவர்கள் தறியைக் கொண்டுபோனார்கள், போன இடத்தில் எல்லாம் முதலில் செய்த காரியம் வீட்டுக்குள் ஒரு குழி தோண்டியது.

குழித்தறி பார்க்காதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். அந்தத் தறி தரையோடு தரையாக இருக்கும். நெசவாளி குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டுக்கொள்வார். மிதிக்கட்டைகள் குழிக்குள் இருக்கும். கால் மாற்றி மாற்றி மிதிக்க, பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடும்; அந்த வழியில் நாடா ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும். தறியின் கால்கள் மண்ணில் ஊன்றப்பட்டிருக்கும். தறி என்ற சொல்லுக்கே நட்டுவைத்த கம்பம் என்ற பொருள் உண்டல்லவா? மண்ணில் வேர் விட்ட மரம் மாதிரி அது வீட்டோடு நிற்கும்.

குழி எதற்கு? உட்கார வசதி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஈரம். உலர்ந்த காற்றில் நூல் முறுகி அறுந்துபோகும். பாவு தரைக்கு அருகில் இருந்தால், மண்ணின் குளிர்ச்சி அதற்குக் கொஞ்சம் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். திண்டுக்கல் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஈரத்தின் அருமை புரியும். ஆகவே நெசவாளியின் வீட்டில் மண்தரை என்பது வறுமையின் அடையாளம் மட்டும் அல்ல. அது தொழிற்கருவிகளில் ஒன்று. சாணம் மெழுகிய தரை நூலோடு ஒத்துப்போயிற்று.

இதைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மறைக்கக் கூடாது. பழைய தரையை நினைத்து ஏங்குகிறவர்களில் அநேகர் ஒரு நாளும் அதை மெழுகாதவர்கள். சாணம் கரைத்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து கூடமும் அடுக்களையும் மெழுகியவர்கள் பெண்கள். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறும். தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு மறுநாள் பார்த்தால் மறுபடியும் ஊறியிருக்கும். அத்தனை நாளும் தறி நிற்கும்; தறி நின்றால் அடுப்பும் யோசிக்கும். குழிக்குள் தேள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை விட வேண்டும். இத்தனையையும் அனுபவித்தவர்களிடம் போய், “அந்த மண்தரை போல வருமா?” என்று கேட்டால், அவர்கள் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

மண்ணுக்கு அடுத்தபடி சிமெண்டு வந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் சிமெண்டில் சிவப்புக் காவி கலந்து தேய்த்துத் தரை போட்டார்கள். நல்ல கொத்தனார் தேய்த்த சிவப்புத் தரை நாற்பது வருஷம் கழித்தும் முகம் காட்டும். இன்னும் வசதி உள்ளவர்கள் செட்டிநாட்டைப் பார்த்தார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் செய்யும் பூக்கல் சூளையைக் காணாத கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். கண்ணாடியில் படிந்த முகம் கண்ணாடி போலவே வழவழப்பாக வந்துவிடும். பம்பாயில் 1922-ல், சுதேசி உணர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களும் சிமெண்டுக் கல்லைத்தான் செய்தார்கள். சீமையிலிருந்து தரை ஓடு வாங்குவதை நிறுத்துவதும் ஒரு தேசத் தொண்டு என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். பிறகு சலவைக்கல் துண்டுகள் பதித்த மொசைக் வந்தது.

இத்தனை மாறுதலிலும் ஒரு விஷயம் மாறவில்லை. சிமெண்டு போட்டவர்கள் குழியை விட்டுவிட்டுப் போட்டார்கள். சிவப்புத் தரையின் நடுவே நாலு பக்கமும் விளிம்பு கட்டிய தறிக்குழி இருக்கும். தரை புதிது, தொழில் பழையது. இரண்டும் ஒரே கூடத்தில் சமாதானமாக இருந்தன.

சமாதானத்தைக் குலைத்தது டைல்ஸ் என்று சொன்னால் அது டைல்ஸுக்கு இழைக்கும் அநியாயம். தறிகள் அதற்கு முன்பே ஓயத் தொடங்கிவிட்டன. விசைத்தறி ஒரு நாளில் நெய்வதற்குக் கைத்தறி ஈடுகொடுக்க முடியவில்லை. 1985-ல் மத்திய அரசு கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் செய்தது. அப்போது 22 ஆக இருந்த ரகங்கள் பின்னால் 11 ஆகச் சுருங்கின. 2009-10-ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி நாட்டில் நெசவாளர்களும் அவர்களைச் சார்ந்த தொழிலாளர்களும் 43 லட்சம் பேர். பத்து வருஷம் கழித்து 2019-20-ல் எடுத்த கணக்கில் 35 லட்சம் பேர்தான். எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்? சிலர் காலமாகியிருப்பார்கள். சிலர் கடை வைத்திருப்பார்கள், சிலர் மில்லுக்குப் போயிருப்பார்கள். சிலருடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்திருப்பார்கள். அவர்கள் விட்டுப்போன குழிகள் மாத்திரம் வீடுகளில் இருந்தன. அவற்றின் மேல் பலகையைப் போட்டு, பலகையின் மேல் பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தபோது நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு. வீட்டுக்காரப் பெரியவர் ஒரு காலத்தில் அதே கூடத்தில் பட்டு நெய்தவர். மகன் வெளியூரில் உத்தியோகம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குத்தான் இந்தத் தரை.

வந்த கொத்தனார் முதலில் டைல்ஸ் பெட்டியைத் தொடவே இல்லை. குழிக்குள் இறங்கி நின்று, காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார்.

“டைல்ஸ் ஒட்டுறது பெரிய வித்தை இல்லைங்க. அடியில என்ன கெடக்குன்னு தெரியணும். அதுதான் வித்தை” என்றார்.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கும் பயன்படும். குழியில் கிடந்த செத்தை, மரத்துண்டு, சாம்பல் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டார். பிறகு இடிசல் கல்லை ஒரே மூச்சில் கொட்டி நிரப்பாமல், அரை அடி உயரத்துக்கு மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்தார். அது இறுகிய பிறகு மறுபடியும் அரை அடி. இப்படிப் படிப்படியாக மேலே வந்தார். அவசரப்பட்டு மூடின குழி ஆறு மாதத்தில் தன் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே போட்ட ஓடு நடுவில் இறங்கும், அல்லது குறுக்கே விரியும். நிரப்பிய பிறகு கூடம் முழுவதற்கும் சேர்த்து நாலு அங்குலம் ஜல்லிக் கான்கிரீட் போட்டுக் காயவிட்டார்கள்.

பிறகுதான் மட்டம் பார்த்தார்கள். ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு பேர் இரண்டு சுவரிலும் பிடித்துக்கொண்டு நீர்மட்டத்துக்கு நேராகக் கோடு இழுத்தார்கள். மின்சார ஒளியில் கோடு காட்டும் கருவி வந்துவிட்ட இந்நாளிலும் பல கொத்தனார்கள் தண்ணீரைத்தான் நம்புகிறார்கள். தண்ணீர் பொய் சொல்லாது. வாசலில் நுழைகிறவர் கண்ணில் முழு ஓடு படும்படியும், வெட்டின துண்டு எதிர்ச் சுவரோரம் ஒதுங்கும்படியும் நூல் கட்டினார்கள். நூல் கட்டுகிற அந்த நிமிஷத்தில் பெரியவர் எழுந்து வந்து, நூலின் மேல் விரலை வைத்துத் தட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் இழுங்க, தொய்யுது” என்றார். கொத்தனார் மறு பேச்சுப் பேசாமல் இழுத்துக் கட்டினார். நூல் தொய்கிறதா என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

இனி ஓட்டைப் பற்றி. சீனக்களி ஓடு என்றும் பீங்கான் ஓடு என்றும் சொல்கிறோம். கடைக்காரர்கள் செராமிக் என்றும் விட்ரிஃபைடு என்றும் பிரிக்கிறார்கள். வித்தியாசம் நீர் குடிப்பதில் இருக்கிறது. சுவருக்கு ஒட்டும் சாதாரண ஓடு தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும். அதனால் அதை ஊறவைத்து ஒட்ட வேண்டும். விட்ரிஃபைடு அரைப் பங்குகூடக் குடிக்காது. கறை படியாததற்கு அதுதான் காரணம். சிமெண்டுப் பாலை அது சரியாகப் பற்றாததற்கும் அதுவே காரணம். ஆகவே பசைச் சாந்து வைத்து, மூலைவரை இடைவெளி இல்லாமல் பரப்பி, ரப்பர்ச் சுத்தியால் தட்டி உட்கார வைக்க வேண்டும். காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. வெற்றுக் குடம் போலச் சத்தம் வந்தால் அந்த ஓடு என்றைக்காவது உடையும். ஓட்டுக்கு ஓடு இரண்டு மில்லிமீட்டர் இடம் விடச் சிலர் சம்மதிப்பதில்லை, அழகு கெடுகிறதாம். கோடையில் தரை விரிகிறபோது இடம் இல்லாமல் ஓடு மேலே எழும்பிக்கொள்வதைப் பார்த்தால் சம்மதிப்பார்கள்.

இந்த ஓட்டின் பிறப்பும் வேடிக்கையானது. 1840-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு பிராஸர் என்பவர், ஈரக் களிமண்ணுக்குப் பதில் ஏறக்குறைய உலர்ந்த மண்தூளை இரும்பு அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செய்ய நினைத்தது சட்டைப் பொத்தான்! ஹெர்பர்ட் மிண்டன் என்ற பீங்கான் முதலாளி, பொத்தான் செய்கிற வழியில் ஓடும் செய்யலாம் என்று கண்டுகொண்டார். இன்றும் அடிப்படை அதுதான். களிமண்ணையும் ஃபெல்ட்ஸ்பார் கல்லையும் தண்ணீரோடு அரைத்து, தூளாக உலர்த்தி, பெரும் பாரத்தில் அழுத்தி, உருளைகள் மேல் ஓடும் சூளையில் 1200 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். முன்காலத்துச் சூளையில் நாள் கணக்கில் வெந்தது. இப்போது ஒரு மணி நேரத்துக்குள் வெந்து வெளியே வருகிறது.

எங்கே வேகிறது? பெரியவர் வீட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தது: மோர்பி. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெட்டியில் ஊர்ப் பெயரை யார் படிக்கிறார்கள்?

மோர்பி எங்கே இருக்கிறது என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். குஜராத்தில், மச்சு நதிக்கரையில், சௌராஷ்டிரத்தில். பழைய சமஸ்தானத்துத் தலைநகர். அந்த வட்டாரத்தில் முதலில் கூரை ஓடு செய்தார்கள். கூரை ஓட்டின் மாதிரிகூடத் தெற்கிலிருந்து போனதுதான். 1865-ல் பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய ஆலையின் ஓடு நாடெங்கும் பரவியது. 1979 ஆகஸ்டு 11-ந் தேதி மச்சு அணை உடைந்து ஊரே வெள்ளத்தில் போயிற்று, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தச் சேற்றிலிருந்து எழுந்த ஊர், இன்று இந்தியாவில் செய்யும் தரை ஓட்டில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் செய்கிறது. அங்கிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துக்கொண்டு, “நாங்க நடந்தே வந்தோம். இது லாரியில வந்திருக்கு” என்றார்.

பாட்டன் பாட்டி நாட்டு மண், சுட்ட ஓடாக வந்து, அவர்கள் பேரப்பிள்ளையின் தறிக்குழியை மூடுகிறது. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்தால், மிகவும் பொருத்திவிட்டான் என்று நீங்கள் குறை சொல்வீர்கள். வியாபாரம் அப்படிப் பொருத்திவிட்டது. குறை சொல்ல ஆள் இல்லை. ஆனால் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுவதா, மகிழ்வதா?

எனக்கு இந்தச் சமயத்தில் மந்தசோர் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மந்தசோருக்கு அந்தக் காலத்தில் தசபுரம் என்று பெயர். குஜராத்தின் தென்பகுதியான லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. மாளவ வருஷம் 493-ல், அதாவது கி.பி. 436 வாக்கில், அவர்கள் சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். 36 வருஷம் கழித்து அது பழுதுபட்டபோது அந்தக் குழுவினரே புதுப்பித்து, வத்ஸபட்டி என்ற கவிஞரைக் கொண்டு கல்லில் எழுதிவைத்தார்கள். சௌராஷ்டிரர் தங்கள் முன்னோர் வரலாற்றை அந்தக் கல்லோடு சேர்த்துச் சொல்வதுண்டு. லாடம் வேறு, சௌராஷ்டிரம் வேறு. நடுவில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இரத்த உறவை நிச்சயமாகச் சொல்ல அந்தக் கல்லில் இடம் இல்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. புது ஊருக்கு வந்த பிறகு அந்த நெசவாளர்களில் சிலர் தறியிலேயே சிறந்து விளங்கினார்கள். சிலர் வில்வித்தை பழகினார்கள். சிலர் கதை சொல்வதில் தேர்ந்தார்கள். சிலர் சோதிடத்தில் இறங்கினார்கள். சிலர் போர்க்களத்துக்குப் போனார்கள். இதைக் கல்வெட்டு வெட்கத்தோடு சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறது.

ஆக, தறியை விட்டுப் போவது நேற்று இன்று வந்த விபரீதம் அல்ல. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே நெசவாளியின் மகன் வேறு தொழில் தேடினான்; குழுவும் இருந்தது, கோயிலும் நின்றது. பிள்ளை உத்தியோகம் பார்க்கிறான் என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலிலும் அந்தப் பெருமைதான் இருந்தது. குழியை மூடியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்க உரிமை இல்லை. கூலி போதாத தறியைக் காட்சிப் பொருளாக அவர் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்?

அப்படியானால் நஷ்டமே இல்லையா? உண்டு. தசபுரத்து நெசவாளர்கள் கல்லில் எழுதினார்கள். ஆகையால் அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. நாகல் நகரில் மூடப்படும் குழிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு குழி மூடும்போது அதோடு நூறு சொற்கள் மூடப்படுகின்றன. தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும், பாவு பிணைக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும், அறுந்த இழையைச் சேர்க்கும் ஒவ்வொரு விதத்துக்கும் அந்த வீட்டு பாஷையில் பெயர் உண்டு. பேரப்பிள்ளைகள் அந்த பாஷையில் சோறு கேட்பார்கள், சண்டை போடுவார்கள். தறியின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்ல அவர்களுக்குச் சந்தர்ப்பமே வராது. வழவழப்பான ஓட்டின் மேல் ஒரு தடமும் தங்காது. அதற்காகத்தானே அதை வாங்குகிறோம்!

ஆகவே டைல்ஸ் போடுகிற வீட்டுக்காரர்களுக்கு என் விண்ணப்பம் மிகச் சிறியது. கொத்தனார் திமிசை எடுப்பதற்கு முன்பு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். குழி எத்தனை அடி நீளம், எத்தனை ஆழம், எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து குறியுங்கள். மிதிக்கு என்ன பெயர், விழுதுக்கு என்ன பெயர், கடைசியாக அதில் நெய்தது என்ன சேலை, எந்த வருஷம் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பிற்பகல் போதும். அதன் பிறகு மண் போட்டு, தண்ணீர் விட்டு, நன்றாக இடித்து மூடுங்கள்.